பாரானிலிருந்து மூன்று பேர்

ஞாயிற்றுக்கிழமை என்றாலே எனக்கு இடுப்பு வலிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஏழாம் நாள் ஓய்ந்திருக்க வேண்டும் என்பது வேதக் கட்டளை. எங்கள் சபையில் அது தலைகீழ். ஆறு நாள் அலுவலகத்தில் நாற்காலியைத் தேய்த்துவிட்டு ஏழாம் நாள் பெட்டி தூக்குவோம்.

சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில், கடலை ஒட்டிய குடியிருப்பு ஒன்றில் முப்பது வருடம் இருந்தேன். அணு ஆராய்ச்சி வேலை. நாகர்கோவில், தஞ்சாவூர், கோயம்புத்தூர் என்று நாலா பக்கமிருந்தும் சம்பளத்துக்காக வந்து சேர்ந்தவர்கள் நாங்கள். அதில் கிறிஸ்தவக் குடும்பங்கள் ஒரு நாற்பது ஐம்பது இருக்கும். எங்களுக்குச் சொந்தமாகக் கோயில் கிடையாது. குடியிருப்பின் சமூகக் கூடத்தை ஞாயிறு காலை எட்டரையிலிருந்து பதினொன்று வரை கொடுப்பார்கள். முந்தின நாள் அங்கே கல்யாண வரவேற்பு நடந்திருக்கும். நாங்கள் போகும்போது தரையெல்லாம் ரோஜா இதழும் ஐஸ்கிரீம் கப்பும் கிடக்கும். பெருக்கி, ஜமுக்காளம் விரித்து, மேசையைப் பூட்டி, சிலுவையை நிறுத்தி, ஆர்மோனியத்தை எடுத்து வைக்க வேண்டும். ஆராதனை முடிந்ததும் அத்தனையையும் கழற்றி மேடைக்கு அடியில் இருக்கும் அறைக்குள் அடுக்க வேண்டும். பத்தே முக்காலுக்கே பரதநாட்டிய வகுப்புப் பிள்ளைகள் சலங்கையோடு வாசலில் வந்து நின்றுவிடுவார்கள். கடைசி ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் வெளியே ஜல் ஜல் என்று கேட்கும். ஆயர் ஜெபத்தைச் சுருக்கிக்கொள்வார். அவர் செங்கல்பட்டிலிருந்து மாதம் ஒருமுறைதான் வருவார், அப்பமும் திராட்சை ரசமும் வைத்துத் திருவிருந்து கொடுக்க. மற்ற ஞாயிறுகளில் எங்களுக்குள் யாராவது பிரசங்கம் செய்து ஒப்பேற்றுவோம்.

இந்தத் தூக்கிவைக்கிற வேலைக்கு நிரந்தர ஆட்கள் இரண்டே பேர். ஒன்று நான். அணு உலையின் பாதுகாப்பைக் கணக்கிடும் பிரிவில் ஷிப்டு வேலை பார்த்தவன். இன்னொருவர் பணிமனையில் ஃபிட்டர். என்னைவிடப் பதினேழு வயது மூத்தவர். எங்கள் ஊர் வழக்கப்படி நான் அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். அவருக்கு அது வேடிக்கை. இந்தப் பக்கத்தில் அண்ணாச்சி என்றால் மளிகைக் கடைக்காரர். இவரோ உள்ளூர்க்காரர். குடியிருப்பில் வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, திருக்கழுக்குன்றம் சாலையில் உள்ளே தள்ளியிருந்த தன் கிராமத்திலிருந்து சைக்கிளில் வருவார். ஒன்பது கிலோமீட்டர்.

திருவிருந்து மேசை அவர் செய்ததுதான். ஏதோ ஒரு இயந்திரம் வந்திறங்கிய பெட்டியின் பலகை. நாலு கால், எட்டு போல்ட், எட்டு விங் நட்டு. ஸ்பானர் இல்லாமல் கையாலேயே திருகிக் கழற்றலாம். ஒவ்வொரு காலிலும், அது போய் உட்காரும் இடத்திலும் பணிமனைக்காரர்கள் வழக்கப்படி எண் குத்தியிருந்தார். ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு. மாற்றிப் பூட்டினால் மேசை ஆடும். ரசக் கிண்ணம் வைக்கிற மேசை ஆடலாமா? அதனால் அதை நாங்கள் இரண்டு பேர் மட்டுமே தொடுவோம். நான் என் பங்குக்கு இருபத்து மூன்று சாமான்கள் கொண்ட ஒரு பட்டியல் தட்டச்சு செய்து, பிளாஸ்டிக் உறை போட்டு, கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தேன். ஒரு வால்வைத் திறப்பதற்கே நாலு பக்கப் பட்டியல் வைத்திருக்கிற ஆட்கள் நாங்கள்.

எங்கள் பொருளாளர் கேலிப் பேர்வழி. அவர்தான் எங்களுக்குப் பாரான் சபை என்று பெயர் வைத்தார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எகிப்தில் அடிமைகளாக இருந்த ஜனங்கள் புறப்பட்டு, கடலைத் தாண்டி, சீனாய் மலையில் கட்டளைகளை வாங்கிக்கொண்டு, அதற்கப்புறம் வந்து இறங்குகிற இடம் பாரான் வனாந்தரம். எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாத பெரிய பொட்டல். அதன் வடக்கு ஓரத்தில் நின்றால் வாக்குக் கொடுத்த தேசம் கிட்டத்தட்டக் கண்ணுக்குத் தெரியும். அந்த ஜனங்களுக்கும் கோயில் கிடையாது. கூடாரம்தான். எந்தக் குடும்பம் பலகையைச் சுமக்க வேண்டும், எது திரைச்சீலையை, எது முளையையும் கயிற்றையும் என்று வேதத்தில் பக்கம் பக்கமாக இருக்கிறது. எல்லாரும் புரட்டித் தள்ளிவிட்டுப் போகிற பக்கங்கள். எனக்கு மட்டும் அவற்றைப் படித்தால் தோள் வலிக்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு வாய்ப்பு வந்தது. சதுரங்கப்பட்டினம் கடைத்தெருவில் மைக்செட்டும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிற ஒரு பாய், எங்கள் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிகளுக்கெல்லாம் சாமான் தருபவர், தனக்கு அரை ஏக்கர் நிலம் இருக்கிறது, சாமி கும்பிடுகிற இடத்துக்கு என்றால் சந்தோஷமாகக் கொடுப்பேன் என்று சொல்லி அனுப்பினார். நிலம் ஃபிட்டர் அண்ணாச்சியின் ஊர் ஓரத்தில். கமிட்டி மூன்று பேரை அனுப்பியது. பொருளாளர், நான், அண்ணாச்சி. மோசே தேசத்தைப் பார்த்துவர ஆள் அனுப்பின மாதிரி நாங்கள் பாரானிலிருந்து வேவு பார்க்கப் போகிறோம் என்று பொருளாளர் அங்கேயே ஆரம்பித்துவிட்டார்.

அது மே மாதம், சனிக்கிழமை மத்தியானம். நான் ராத்திரி ஷிப்டு முடித்துவிட்டு இரண்டு மணி நேரம்கூடத் தூங்கியிருக்க மாட்டேன். பஸ்ஸை விட்டு இறங்கி, பனைமரங்களுக்கு நடுவில் ஒரு வண்டித் தடத்தில் கால் மணி நேரம் நடந்தோம். நிலம் மணற்பாங்கான மேடு. நிலக்கடலை பிடுங்கியிருந்தார்கள். கிழக்கே கொஞ்சம் தள்ளி ஏரிக்கரை. ஏரி காய்ந்து கிடந்தது. பாய் ஒரு வேப்ப மரத்தடியில் காத்திருந்தார். பொருளாளர் விடாமல் பாரான் வேவுக்காரர் கதையை அவரிடமும் சொன்னார்.

பாய் கேட்டுவிட்டு, தங்கள் இஸ்மாயில் நபி வளர்ந்த இடம் அது என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பதாகச் சொன்னார். தாயும் பிள்ளையும் துரத்திவிடப்பட்டு, தோல்பையில் தண்ணீர் தீர்ந்து, அந்த அம்மா பிள்ளையை விட்டுத் தள்ளி உட்கார்ந்து அழுத கதை எங்கள் வேதத்திலும் இருக்கிறதுதான். ஆகார். அவர்கள் கடைசியில் குடியிருந்தது பாரானில். நான் அதுவரை இரண்டையும் சேர்த்து யோசித்ததே இல்லை.

"உங்களுக்கு அது வழியில வர்ற எடம் சார்," என்றார் பாய். "அவங்களுக்கு அதான் வூடு."

அண்ணாச்சி எதிலும் கலந்துகொள்ளவில்லை. நிலத்தின் நாலு மூலைக்கும் நடந்து, குதிகாலால் தரையை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கிளம்பும்போது என்னிடம் வந்து கையை நீட்டிக் காட்டினார்.

"தோ அந்தப் பனமரத்துக்கு அந்தாண்ட தெரியுது பாருங்க சார், அதான் நம்ம வூடு. ஒரு டீ குடிச்சிட்டுப் போலாம்."

ஐந்து நிமிட நடை. எனக்குக் கண்ணைச் சொருகிக்கொண்டு வந்தது. அடுத்த பஸ்ஸை விட்டால் ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். இன்னொரு நாள் வருகிறோம் என்றேன். சரி சார் என்றார்.

அந்த வீட்டில் அவர் மனைவி இருந்தார். அவருக்கு யானைக்கால். இந்தப் பக்கத்தில் அந்தக் காலத்தில் அது அபூர்வமான நோய் அல்ல. இடது கால் தொடைவரை வீங்கி, பஸ் படியில் தூக்கி வைக்க முடியாது. தூக்கி வைத்தாலும் எல்லாரும் காலையே பார்ப்பார்கள் என்று அவர் எங்கேயும் போவதை விட்டு நாலு வருடம் ஆகியிருந்தது. கோயிலுக்கும்தான். ஆயரை வீட்டுக்கு அழைத்து வந்து திருவிருந்து கொடுக்கச் சொல்லட்டுமா என்று அண்ணாச்சி கேட்டபோது, வேண்டாம் என்றிருக்கிறார். வீட்டுக்கு வந்து கொடுப்பது படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு. நான் நடக்கிறவள், நடந்து போய் மற்றவர்களோடு முழங்கால் போட்டு வாங்குவேன், இல்லாவிட்டால் வேண்டாம் என்பது அவர் கட்சி. பாயின் நிலம் அவரால் நடக்க முடிகிற தூரத்தில் இருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது பல வருடம் கழித்து. அன்றைக்கு டீ குடிக்கப் போயிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

திரும்பி வரும் பஸ்ஸில் பொருளாளர் என் தோளில் கை போட்டு, கட்டட வேலையை நீங்கள்தான் கூட இருந்து பார்க்க வேண்டும், நமக்கு வேறு ஆள் யார் இருக்கிறார்கள் என்றார். ஷிப்டு, அது முடிந்தால் பஸ், செங்கல், ஜல்லி, மேஸ்திரி, மறுபடி ஷிப்டு. இரண்டு வருடம், மூன்று வருடம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அந்த நிமிடத்தில் எனக்குக் கோயில் வேண்டாம், தூக்கம்தான் வேண்டும் என்றிருந்தது.

முடியாது என்று வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். நான் அறிக்கை எழுதினேன். ஏழு பக்கம், ஒரு வரைபடத்தோடு. எங்கள் பிரிவில் எதை எழுதினாலும் நடக்கக்கூடியதில் மிக மோசமானது எது என்று கேட்டுத்தான் ஆரம்பிப்போம். அதையே இங்கேயும் செய்தேன். ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் வழிகிற கலங்கல் அடைத்துக்கொண்டு, அன்றைக்கே பெருமழையும் பெய்து, கரையும் உடைந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். இடுப்பளவு தண்ணீர் நிற்கும் என்று வந்தது. கணக்கில் தப்பே இல்லை. கடைசிப் பக்கத்தில் இந்த இடத்தைப் பரிந்துரைக்க இயலவில்லை என்று முடித்தேன்.

இந்தத் தப்பு எங்கள் ஆட்களால் மட்டும்தான் செய்ய முடியும். கமிட்டியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே இடத்தில் வேலை பார்ப்பவர்கள். ஒருவன் பாதுகாப்பில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், இல்லை, பாதுகாப்புதான் என்று எதிர்த்துக் கையெழுத்துப் போட எங்களில் ஒருவருக்கும் கை வராது. அப்படிப் பழகிவிட்டோம். வேறு ஊரில், ஒரு மளிகைக்காரரும் ஒரு வாத்தியாரும் ரெண்டு விவசாயியும் உட்கார்ந்த கமிட்டியாக இருந்திருந்தால் என் ஏழு பக்கத்தில் பஜ்ஜி மடித்துத் தின்றிருப்பார்கள்.

அண்ணாச்சியையும் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றார்.

"நல்ல எடம் சார். பொறந்ததுலேர்ந்து பாத்துகினு கீறேன். தண்ணி நின்னதே இல்ல. போய்டலாம் சார்."

மழை அளவுக் குறிப்பு ஏதாவது எழுத்தில் கிடைக்குமா என்று ஒருவர் மரியாதையாகக் கேட்டார். இவர் இல்லை என்றார். மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் தன் வீட்டு வசதிக்குக் கேட்கிற மாதிரி ஆகிவிடும் என்று நினைத்திருப்பார். உட்கார்ந்துவிட்டார். பாயிடம் நன்றி சொல்லிக் கடிதம் போனது.

அடுத்த ஞாயிறு எட்டரை மணிக்கு அண்ணாச்சி வழக்கம்போல வந்து மேசையைப் பூட்டிக்கொண்டிருந்தார். முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவில்லை. நான் நாலாம் காலைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் எத்தனையோ நிலம் பார்த்தோம். ஒன்றும் படியவில்லை. மாமல்லபுரம் சாலையில் நிலம் வாங்குவது நம் கையை மீறிப் போய்விட்டது என்று பொருளாளர் வருடாவருடம் சொல்லிவந்தார். நாங்கள் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தோம். என் தலை நரைத்தது. அண்ணாச்சிக்கு முட்டி தேய்ந்தது.

ஐந்தாறு வருடம் போன பிறகு, என் பிரசங்க முறை வந்த ஞாயிறில் அட்டவணைப்படி வாசிக்க வேண்டிய பாடம் பாரான் வேவுக்காரர் கதையாக அமைந்தது. மாற்றிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த வாரம் முழுக்க ஷிப்டு முடிந்து வந்து ஒத்துவாக்கிய அகராதியை வைத்துக்கொண்டு வேதத்தில் பாரான் வருகிற இடங்களையெல்லாம் தேடினேன். அதிகம் இல்லை. ஆகாரும் பிள்ளையும் அங்கே குடியிருந்தார்கள். தாவீது, தன்னை அபிஷேகம் செய்த தீர்க்கதரிசி இறந்த பிறகு, சவுல் ராஜாவுக்குப் பயந்து அந்தப் பக்கம் இறங்கிப் போனான். ஏதோம் தேசத்து இளவரசன் ஒருவன் உயிர் தப்பி எகிப்துக்கு ஓடும்போது பாரான் வழியாக ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஓடினான். வீட்டைவிட்டு விரட்டப்பட்டவர்கள், ஓடுகிறவர்கள், காத்திருக்கிறவர்கள். ஊர் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாத இடம். ஆனால் இரண்டு பழைய பாட்டுகளில் கடவுள் பிரகாசித்து வருகிற மலை என்று அதே பாரானைச் சொல்லியிருந்தது. எருசலேமிலிருந்து வருகிறார் என்று இல்லை. அந்தப் பொட்டல்காட்டுப் பக்கமிருந்து வருகிறார்.

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். பாரானிலிருந்து மோசே பன்னிரண்டு பேரை அனுப்புகிறார். நாற்பது நாள் சுற்றிவிட்டு ஒரு திராட்சைக் குலையைத் தடியில் கட்டித் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பத்துப் பேர் முடியாது என்கிறார்கள். மதில் உயரம், ஆட்கள் ராட்சதர்கள், அவர்களுக்கு முன்னால் நாங்கள் பூச்சி. இரண்டு பேர் மட்டும் போகலாம் என்கிறார்கள். ஜனங்கள் பத்துப் பேர் பேச்சைக் கேட்டு ராத்திரியெல்லாம் அழுகிறார்கள். நாளுக்கு ஒரு வருடமாக நாற்பது வருடம் அந்த வனாந்தரத்திலேயே சுற்ற வேண்டும் என்று தீர்ப்பாகிறது. பத்துப் பேரும் அங்கேயே சாகிறார்கள். போகலாம் என்ற இரண்டு பேர் மட்டும் உள்ளே போகிறார்கள்.

நான் விசுவாசம், அவிசுவாசம் என்று வழக்கமான பிரசங்கத்தைச் செய்தேன். கடைசி வரிசையில், விளக்கு ஸ்விட்சுகளுக்குப் பக்கத்தில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

எல்லாரும் போன பிறகு இரண்டு பேரும் மேசைக்கு அடியில் குனிந்திருந்தோம். அவர் நட்டைத் திருகிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அந்தப் பத்துப் பேரு இன்னா பொய்யா சார் சொன்னாங்க. மதிலு ஒசரம்தான். ஆளுங்க பெரிசுதான். எகிப்துலேர்ந்து நடந்து வந்து, நாப்பது நாளு அலைஞ்சி, களைச்சிப் பூட்டாங்க. அவ்ளோதான்."

அவருக்குத் தெரியும் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. தண்ணீர் கணக்கும் தெரியும், தூக்கக் கணக்கும் தெரியும். அப்போதாவது ஆமாம் அண்ணாச்சி என்று சொல்லியிருக்க வேண்டும். வெளியே சலங்கைச் சத்தம் வந்துவிட்டது. நான் பலகையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டேன்.

இரண்டாயிரத்து ஒன்றில் அவர் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகும் ஒரு வருடம் ஞாயிறு தவறாமல் சைக்கிளில் வந்தார். பிறகு முட்டி விடவில்லை. அவருக்குப் பதில் வந்த வாலிபர்கள் இரண்டாம் காலை ஒன்றில் பூட்டுவார்கள். மேசை ஆடும். நான் கத்துவேன். கடல் உள்ளே வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். அது இந்தக் கதையில் அடங்காது. அதற்கப்புறம் சில வாரங்கள் அந்தக் கூடத்தில் ஜனங்கள் தங்கியிருந்தார்கள், அந்த மேசையில் மருந்து வைத்துக் கொடுத்தார்கள் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

இரண்டாயிரத்து எட்டில் ஒருவழியாகக் கோயில் கட்டி முடித்தோம். கடற்கரைச் சாலையில், மாமல்லபுரம் போகிற பக்கம். அண்ணாச்சி ஊரிலிருந்து இரண்டு பஸ். பிரதிஷ்டை அன்று என்னை முன் வரிசையில் உட்கார வைத்து, இத்தனை வருடம் சபையைத் தோளில் சுமந்தவர் என்று சொல்லிப் பொன்னாடை போர்த்தினார்கள். கைதட்டினார்கள். அழைப்பிதழ் தபாலில் அனுப்பியும் அண்ணாச்சி வரவில்லை. வேதத்தில் நடந்ததற்கு நேர்மாறு. முடியாது என்று சொன்னவன் உள்ளே வந்து நடுநாயகமாக உட்கார்ந்திருக்கிறான். போய்விடலாம் என்று சொன்னவர் வெளியே கிடக்கிறார். பொன்னாடை கழுத்தில் அரித்தது. வீட்டுக்கு வந்து அதைக் கழற்றி எறிந்தேன்.

புதுக் கோயிலுக்கு மாமல்லபுரம் சிற்பக்கூடம் ஒன்றில் சொல்லிக் கருங்கல்லில் பலிபீடம் செய்திருந்தார்கள். பழைய மேசை மிச்சமான டைல்ஸோடு பின்பக்கம் கிடந்தது. அதை எங்கேயாவது கொடுத்துவிடுங்கள் என்று என்னிடமே சொன்னார்கள். செய்தவரைக் கேட்காமல் எப்படிக் கொடுப்பது? நவம்பர் மாதம், நாலு நாள் பெய்த மழை விட்டிருந்த ஒரு காலையில், பதினைந்து வருடத்துக்குப் பிறகு அந்த பஸ் நிறுத்தத்தில் இறங்கினேன்.

ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்து சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் கிழக்கே திரும்பி, பள்ளத்தில் இறங்கி வயலுக்குப் போனது. பாயின் பழைய நிலத்தில் யாரோ கனகாம்பரம் போட்டிருந்தார்கள். நான் வேண்டுமென்றே அதற்குள் நடந்தேன். செருப்பில் மண்கூட ஒட்டவில்லை.

அண்ணாச்சி வீட்டு வாசலில் ஒரு அம்மா சின்ன ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நீட்டிய கால் தொடைவரை வீங்கியிருந்தது. அவர் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் பனைமரத்துக்கு அந்தப் பக்கம் கனகாம்பரம் சிவப்பாகத் தெரிந்தது. அண்ணாச்சி உள்ளேயிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, வாங்க சார் என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர்தான் எல்லாவற்றையும் சொன்னார். யானைக்கால், பஸ் படி, அந்த அம்மாவின் பிடிவாதம், எல்லாம். குறையாகச் சொல்லவில்லை. நான் கேட்டதற்குப் பதிலாகச் சொன்னார்.

நான் அந்த அம்மாவைப் பார்த்து, வெள்ளம் வரும் என்று எழுதினது நான்தான், தண்ணி வராதுன்னு எனக்கே தெரியும், எனக்கு அலுப்பா இருந்தது, அதனால எழுதினேன் என்று சொன்னேன். பதினைந்து வருடமாக வாயில் வராதது இரண்டு வரியில் முடிந்துவிட்டது.

"தெரியும் சார், அவரு சொல்லிக்கீறாரு," என்றார் அவர். கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அன்னிக்கி நாலு டம்ளரு கழுவி வச்சிகினு உக்காந்திருந்தேன். நீங்க அந்தாண்ட பஸ்ஸுக்குப் போனது இங்கேர்ந்து தெரிஞ்சிது."

அப்புறம் உள்ளே குரல் கொடுத்து மருமகளை டீ போடச் சொன்னார். குடித்தேன்.

மேசையை என்ன செய்வது என்று கேட்டேன். அண்ணாச்சி மனைவியைப் பார்த்தார். அவர் கீரையைத் தள்ளி வைத்துவிட்டு, ஆயர் எந்த ஞாயிறு வருவார் என்று என்னைக் கேட்டார்.

அடுத்த மாதம், திருவிருந்து ஞாயிறு மத்தியானம், ஒரு ஷேர் ஆட்டோவில் மேசையையும் ஆயரையும் ஏற்றிக்கொண்டு போனேன். அண்ணாச்சியால் குனிய முடியவில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து எண்ணைச் சொல்ல, நான் தரையில் உட்கார்ந்து பூட்டினேன். ஒன்றுக்கு ஒன்று. இரண்டுக்கு இரண்டு. மேசை ஆடவில்லை. அந்த அம்மா திண்டில் சாய்ந்திருந்த இடத்திலிருந்து எழுந்து, ஒருவர் கையையும் பிடிக்காமல், நாலு எட்டு நடந்து மேசைக்கு முன்னால் வந்தார். முழங்கால் போட முடியவில்லை. நின்றபடியே இரண்டு கையையும் நீட்டி அப்பத்தை வாங்கினார். பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு என்று அண்ணாச்சி என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

முடிந்ததும் ஆயர் அங்கியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். நான் மேசைக்கு அடியில் குனிந்துவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை. கடைசி ஜெபம் முடிந்தால் என் கை தானாக அங்கேதான் போகும். முதல் காலின் நட்டைப் பாதி திருகியும் விட்டேன்.

"இன்னா சார் பண்றீங்க," என்றார் அந்த அம்மா. "கழட்டாதீங்க. இங்கியே கெடக்கட்டும்."

நட்டைத் திரும்ப இறுக்கினேன். எழுந்திருக்கத் தோன்றவில்லை. மேசைக்கு அடியில் தரையிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.